கரும்பூச்சின் விலை: அமெரிக்க வாகன நிறுத்துமிடங்களின் பராமரிப்புச் செலவு வரலாறு

அமெரிக்க நகரங்களில் கடைத்தொகுதிகள், மருத்துவமனைகள், அலுவலகக் கட்டடங்கள், தேவாலயங்கள் ஆகியவற்றைச் சுற்றி ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கும் வாகன நிறுத்துமிடங்களின் தரைமீது, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லிய கரிய பூச்சு ஒன்று பூசப்படுகிறது. சீல்கோட்டிங் என்று தொழில்முறையில் வழங்கும் இந்த மேற்பூச்சு காய்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டர் தடிமனைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் வெயில், மழைநீர், வாகனங்களிலிருந்து சொட்டும் பெட்ரோல் ஆகிய மூன்றிலிருந்தும் கீழேயுள்ள தளத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையில், அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டட உரிமையாளர்கள் அதற்குப் பணம் செலவழித்து வருகின்றனர். சதுர அடிக்குச் சில சென்ட் என்று கணக்கிடப்படும் இந்தப் பூச்சு இவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அதன் முதன்மையான மூலப்பொருள் நெடுங்காலம் வேறொரு தொழிலின் கழிவாக இருந்ததுதான். அந்த மலிவுக்கான உண்மையான விலையைப் பூச்சை வாங்கியவரும் கொடுக்கவில்லை, விற்றவரும் கொடுக்கவில்லை. அது வேறு சிலரின் கணக்கில் ஏறியது என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டின.

இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்தறிந்துகொள்வது தேவை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பின் அடியில் எஞ்சும் பிசின் போன்ற பொருள் பிட்டுமின். அதனுடன் சரளையும் மணலும் சூடாகக் கலந்து பரப்பப்படும் கலவையே அஸ்பால்ட் தளம். நிலக்கரியைக் காற்றுப் புகாத சூளையில் சுடும்போது வெளிவரும் ஆவி குளிர்ந்து படியும் கரிய நீர்மம் நிலக்கரித் தார். தமிழ்ப் பேச்சுவழக்கில் இரண்டும் தார் என்றே அறியப்பட்டாலும், தோற்றத்திலும் வேதி இயல்பிலும் உடல்நலத்துக்கு விளைக்கும் கேட்டிலும் இரண்டும் வெகுவாக வேறுபட்டவை. மேலும், இந்திய நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் ‘சீல் கோட்’ என்று குறிப்பிடுவது சாலையின் மேலடுக்கில் சூடான பிட்டுமினையும் சிறுகற்களையும் இட்டு உருளையால் அழுத்தும் வேலையை. அதற்கும் இங்கே பேசப்படும், நீர் கலந்து தெளிக்கப்படும் பூச்சுக்கும் தொடர்பில்லை.

அமெரிக்காவில் அஸ்பால்ட் தளம் பரவிய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெல்ஜியத்திலிருந்து குடியேறிய வேதியியலாளர் எட்மண்ட் டி ஸ்மெட் 1870இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் சிறிய அளவில் அஸ்பால்ட் சாலை அமைத்துக் காட்டினார். 1876இல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூ அவ்வாறே தளமிடப்பட்டது. அதற்கான பிசின் கரீபியக் கடலிலுள்ள டிரினிடாட் தீவின் பிட்ச் ஏரியிலிருந்து கப்பலில் வந்தது. அந்த ஏரியின் உரிமையை 1888இல் நீண்டகாலக் குத்தகையாகப் பெற்ற அம்ஸி பார்பர் என்ற தொழிலதிபர் அமெரிக்கச் சாலைத் தொழிலையே சில ஆண்டுகள் தம் கைக்குள் வைத்திருந்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகியபின், 1907 வாக்கில், சுத்திகரிப்பில் கிடைத்த பிட்டுமின் இயற்கைப் பிசினை அளவில் முந்திவிட்டது. பார்பரின் ஏகபோகமும் அத்துடன் பொருளிழந்தது.

நிலக்கரித் தாரின் வரலாறு இதைவிடப் பழையது, சிக்கலானது. 1812இல் இலண்டனில் நிலக்கரி வாயுவைக் குழாய்களில் செலுத்தித் தெருவிளக்கு எரிக்கும் நிறுவனம் உரிமம் பெற்றது. நான்கே ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோரும் அதே வழியைப் பின்பற்றத் தொடங்கியது. வாயுவைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய தாரை என்ன செய்வது என்று தெரியாத வாயு ஆலைகள் அதை ஆற்றிலும் குழிகளிலும் கொட்டின. 1856இல் இலண்டன் மாணவர் வில்லியம் பெர்க்கின் தாரிலிருந்து பெறப்படும் அனிலினைக் கொண்டு ஊதாச் சாயம் செய்தபின், அந்தக் கழிவுக்கு ஒரு மதிப்புப் பிறந்தது. சாயம், மருந்து, வெடிமருந்து, மரக்காப்பு எண்ணெய் என்று அதிலிருந்து பிரிக்கப்பட்டவை பல. ஆனால் இவையெல்லாம் பிரிந்த பிறகும், காய்ச்சிய தாரில் ஏறத்தாழப் பாதி, கல்போல் இறுகும் கரிய பிசினாகவே கலனின் அடியில் நின்றது. கூரை வேய்தல், குழாய்களுக்குக் காப்புப் பூசுதல், சாலைத்தூசி அடக்குதல் போன்ற கடைநிலைப் பயன்களுக்கே அந்தப் பிசின் போயிற்று. இங்கிலாந்தின் எட்கர் பர்னெல் ஹூலி 1902இல் காப்புரிமை பெற்ற ‘டார்மாக்’ என்னும் சாலைக் கலவையும் இத்தகைய தாரைப் பயன்படுத்தியதே.

அமெரிக்காவில் தாரின் அளவைப் பெருக்கியது எஃகுத் தொழில். இரும்புத் தாதை உருக்கத் தேவைப்படும் கற்கரியை, அதாவது காற்றின்றிச் சுடப்பட்டு ஆவிப்பொருள் நீங்கிய நிலக்கரியை, பென்சில்வேனியாவின் கானல்ஸ்வில் வட்டாரத்தில் தேன்கூட்டு வடிவச் சூளைகள் ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தன. அவற்றில் வாயுவும் தாரும் எரிந்து வானில் கலந்தன. இரவெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கு செந்நிறமாகவே இருந்தது. 1893இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் இந்த ஆவிகளைச் சேகரிக்கும் புதுவகைச் சூளை இயங்கத் தொடங்கியது. முதல் உலகப்போரால் ஜெர்மானியச் சாயங்களும் மருந்துகளும் வருவது நின்றபோது, அவற்றுக்கான மூலப்பொருளை உள்நாட்டிலேயே பெறவேண்டிய நெருக்கடி தோன்ற, போர் முடிந்த சில காலத்துக்குள் புதிய சூளைகள் பழையவற்றை உற்பத்தியில் முந்திவிட்டன. ஒரு டன் நிலக்கரி சுடப்பட்டால் ஏறத்தாழ 8 முதல் 10 காலன் தார் கிடைக்கும் (அமெரிக்கக் காலன் என்பது 3.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு). பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து, சிகாகோ, பர்மிங்காம் ஆகிய எஃகு நகரங்களைச் சுற்றி இவ்வாறு குவிந்த தாருக்குப் புதுப்புதுப் பயன் தேடுவது தார் வடிப்பாலைகளின் அன்றாடக் கவலையாயிற்று. மேற்கே ராக்கி மலைகளைத் தாண்டினால் கற்கரிச் சூளைகள் மிகக் குறைவு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளே அதிகம். வாகன நிறுத்துமிடப் பூச்சின் வரலாற்றில் இந்த வட்டார வேறுபாடு பின்னாளில் எதிர்பாராத விதத்தில் சான்றாக அமைந்தது.

இதற்கிடையே, பூசப்படவேண்டிய தரை தோன்றிக்கொண்டிருந்தது. 1923இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம், அடுக்ககம் கட்டுவோர் குடியிருப்பவர்களின் கார்களுக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்று விதித்தது. 1939இல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் அவ்விதியை நீட்டியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஏறக்குறைய எல்லா நகரங்களும் இத்தகைய குறைந்தபட்ச நிறுத்துமிட விதிகளை ஏற்றன. ஆயிரம் சதுர அடிக் கடைப்பரப்புக்கு நான்கு அல்லது ஐந்து கார்களுக்கான இடம் என்பது வழக்கமான அளவாயிற்று. ஒரு காருக்கான இடமும் அதற்குச் சென்று வரும் பாதையின் பங்கும் சேர்ந்து 300 முதல் 350 சதுர அடி ஆகும் என்பதால், இந்த விதியின்படி கட்டப்படும் கடைத்தொகுதியில் கடையைவிடக் கார்களுக்கான தரையே பெரிதாகிவிடுகிறது. வியன்னாவிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் விக்டர் குருயென் வடிவமைத்து 1956இல் மின்னியாபொலிஸ் அருகே திறக்கப்பட்ட சவுத்டேல் வணிக வளாகம், முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டப்பட்ட முதல் வளாகம் என்ற புகழைப் பெற்றது. அதைச் சூழ்ந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு இடம் விடப்பட்டிருந்தது. மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டமும் அதே 1956இல்தான் நிறைவேறியது. அதன்பின் புறநகர்கள் எவ்வளவு வேகமாகப் பரவினவோ அவ்வளவு வேகமாக இந்தக் கரிய தரைகளும் பரவின.

அஸ்பால்ட் தளத்தின் பலவீனம் அதன் பிறப்பிலேயே உள்ளது. எண்ணெயிலிருந்து பிறந்த பிட்டுமினை எண்ணெய் எளிதில் கரைத்துவிடும். நின்றுகொண்டிருக்கும் காரிலிருந்து ஒரே இடத்தில் நாள்தோறும் சொட்டும் பெட்ரோலும் எஞ்சின் எண்ணெயும் தளத்தை இளக்கிக் குழியாக்கும். ஓடும் சாலையைவிட நிறுத்துமிடத்துக்கே இந்தத் தொல்லை அதிகம். ஜெட் விமானங்கள் பெருகிய 1950களில், மண்ணெண்ணெய் வகை எரிபொருள் சிந்தும் விமான நிலையத் தளங்களில் இச்சிக்கல் கடுமையாயிற்று. நிலக்கரித் தாரில் வளைய அமைப்புடைய மூலக்கூறுகளே மிகுதி என்பதால், பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள்களால் அதை எளிதில் கரைக்க முடிவதில்லை. ஆகவே, தார்ப் பிசினைக் களிமண் துகள்களின் உதவியால் நீரில் சிதறச் செய்து, கூழ்ப் பதத்தில் அமைந்த பால்மமாக்கி, சூடாக்காமலே பரப்பும் முறை விமானத் தளங்களில் இடம்பெற்றது. விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கட்டுமான விவரக்குறிப்புகளிலும் அது நுழைந்தது. அங்கிருந்து பெட்ரோல் நிலையங்களுக்கும், பின் கடைத்தொகுதிகளின் தரைக்கும், வீட்டு வாசல் வண்டிப்பாதைகளுக்கும் அது இறங்கி வந்தது. சூளையும் கொதிகலனும் தேவையில்லை. ஒரு சிறு லாரி, ஒரு தொட்டி, நாலைந்து ஆட்கள் இருந்தால் எவரும் தொழில் தொடங்கலாம். நாடு முழுவதும் சிறு ஒப்பந்தக்காரர்கள் பெருகியதற்கு இந்த எளிமையே காரணம்.

ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியல் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்த்தால் தொழிலின் இயல்பு விளங்கும். ஆலையிலிருந்து வரும் செறிந்த பால்மத்துடன் நான்கில் ஒரு பங்கு அல்லது சற்று மிகுதியாக நீரும், சக்கரத்துக்குப் பிடிப்பு உண்டாகும்படி காலனுக்கு இரண்டு முதல் நான்கு பவுண்டு மணலும், விரைவில் உலரவும் நெகிழ்வு கூடவும் ரப்பர் பால் போன்ற சேர்க்கைப் பொருளும் கலக்கப்படும். இவ்வாறு கலந்த ஒரு காலன், ஒரு முறை பூச, தரையின் சொரசொரப்பைப் பொறுத்து, 70 முதல் 100 சதுர அடி வரை வரும். நூறு கார்கள் நிற்கும் தளத்தை 33,000 சதுர அடி என்று கொண்டால், இரண்டு முறை பூச ஏறத்தாழ 660 முதல் 940 காலன் வரை கலவை தேவை. பூசுவதற்கு முன் தரையைப் பெருக்கி ஊதிச் சுத்தம் செய்யவேண்டும். எண்ணெய்க் கறை படிந்த இடங்களில் அடிப்பூச்சு இடவேண்டும். விரிசல்களில் ரப்பர் கலந்த பிசினை உருக்கி ஊற்றவேண்டும். இந்த விரிசல் அடைப்பு நீள அடிக் கணக்கில் தனியாக விலை போடப்படுவது. பூச்சு உலர்ந்தபின் மஞ்சள், வெள்ளைக் கோடுகளை மீண்டும் போடவேண்டும். அதுவும் தனிக் கணக்கு.

அண்மைக் காலத்தில் அமெரிக்கச் சந்தையில் வணிக நிறுத்துமிடங்களுக்கான இரட்டைப் பூச்சின் விலை, பெரும்பாலும் சதுர அடிக்கு 15 முதல் 30 சென்ட் வரை சொல்லப்படுகிறது. மேற்சொன்ன நூறு கார்த் தளத்துக்கு அது ஏறத்தாழ 5,000 முதல் 10,000 டாலர் ஆகும்; விரிசல் அடைப்பும் கோடுகளும் இதில் சேரா. தளம் பெரிதாகப் பெரிதாகச் சதுர அடி விலை இறங்கும். ஏனெனில் லாரியையும் ஆட்களையும் கொண்டுவந்து சேர்க்கும் செலவு சிறு தளத்துக்கும் பெருந்தளத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பநிலை 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பூச்சு உறையாது. ஆகவே வடமாநிலங்களில் தொழில் ஆறேழு மாதத்துக்குள் முடங்கிவிடுகிறது, ஆண்டு முழுவதற்குமான வருவாயை அதற்குள் ஈட்டியாக வேண்டும். பூச்சு காய ஒரு முழுநாள் வாகனம் ஏறக்கூடாது என்பதால், வணிகம் நின்றுவிடாதபடி தளத்தைப் பாதி பாதியாக மூடி இரு தவணையில் செய்வதும், ஞாயிறுகளிலும் இரவிலும் செய்வதும் கூலியை உயர்த்தும். குறைந்த விலை சொல்லும் ஒப்பந்தக்காரர் அளவுக்கு மேல் நீர் ஊற்றினால், அதைக் கண்டுபிடிப்பது உரிமையாளருக்கு எளிதன்று. பூசிய மறுநாள் செறிந்த பூச்சும் நீர்த்த பூச்சும் ஒரே கருமையுடன்தான் தெரியும். இத்தொழிலைப் பற்றிய குறைகளில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்திலிருந்தே எழுந்தது.

செலவை யார் ஏற்பது என்பதில் வேறொரு நுட்பம் உண்டு. அமெரிக்கக் கடைத்தொகுதிகளின் குத்தகை ஒப்பந்தங்களில் வாடகையோடு பொதுப்பகுதிப் பராமரிப்புக் கட்டணம் என்ற ஒன்றும் சேர்ந்து வருவது வழக்கம்; விளக்கு, பனி அகற்றல், நிறுத்துமிடப் பராமரிப்பு ஆகியவற்றின் செலவு கடைக்காரர்கள்மீது அவரவர் பரப்புக்கு ஏற்பப் பகிரப்படும். மேற்பூச்சு ஆண்டுச் செலவினம் என்று கருதப்படுவதால் அது பெரும்பாலும் கடைக்காரர்களுக்குப் போகும். தளத்தையே பெயர்த்துப் புதிதாக இடுவது மூலதனச் செலவு என்பதால், அதை உரிமையாளரே ஏற்கவேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் கூறும். புதிய மேல்தளம் இட ஆகும் செலவு மேற்பூச்சைப்போல் பத்து மடங்கு அளவில் இருக்கும்போது, பிறர் பணத்தில் அடிக்கடி பூசிப் பெருஞ்செலவைத் தள்ளிப்போட உரிமையாளருக்கு இயல்பாகவே விருப்பம் எழும். இந்தக் கணக்கு இத்தொழிலை வளர்த்த அளவுக்கு, பூச்சின் தரம் வளர்த்ததா என்பது ஐயத்துக்குரியது. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் இந்தச் செலவில் ஓர் இடம் பெற்றது. பூச்சு பழைய கோடுகளை மறைத்துவிடுவதால் மீண்டும் கோடு போடும்போது, 25 இடங்களுக்கு ஒன்று வீதம் நூறு இடங்களில் நான்கு, சக்கர நாற்காலியுடன் இறங்கப் போதிய அகலத்துடன் ஒதுக்கப்படவேண்டும். பழைய தளங்களின் உரிமையாளர்கள் பலர் இந்த விதியை முதலில் எதிர்கொண்டது மேற்பூச்சுக்குப் பின்னர்தான்.

பூச்சு உண்மையில் தளத்தின் ஆயுளை எவ்வளவு நீட்டுகிறது என்ற கேள்விக்குத் தொழில்துறையினர் தரும் விடை தாராளமானது. வெயிலின் புறஊதாக் கதிரும் ஆக்சிஜனும் பிட்டுமினை இறுகச் செய்து நொறுங்கவைப்பதும், விரிசல் வழியே இறங்கும் நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து தளத்தை உடைப்பதும் உண்மையே. மேற்பரப்பை மூடினால் முதலாவது கேடு மெதுவாகும் என்பதும் உண்மையே. ஆனால் இந்தப் பூச்சு தளத்துக்கு எந்த வலிமையையும் சேர்ப்பதில்லை. அடித்தளம் அமிழ்ந்த இடத்தையோ வலைபோல் வெடித்த இடத்தையோ அது சில மாதங்கள் மறைத்துவைக்க மட்டுமே செய்யும். நெடுஞ்சாலைத் துறைகள் தம் சாலைகளுக்கு இதைப் பயன்படுத்துவதில்லை. விரைந்தோடும் சக்கரங்களுக்கு வேண்டிய பிடிப்பைத் தரக்கூடிய, சிறுகற்கள் சேர்ந்த வேறு முறைகளையே அவை நாடுகின்றன. விரிசல்களை உரிய காலத்தில் அடைப்பதும் மழைநீர் தேங்காமல் வடியச் செய்வதும் தளத்தின் ஆயுளுக்கு மேற்பூச்சைவிட முதன்மையானவை. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தளம் புதியதாகத் தெரிகிறது, மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிகிறது என்ற நிறைவுக்காகவும் இந்தச் செலவு செய்யப்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது, புதுத் தளம் இடுவதற்கான செலவும் உயர்ந்தது. இருப்பதைக் காத்துக்கொள்வதே சிக்கனம் என்ற வாதம் வலுப்பெற்றது. எண்ணெய் விலையோடு நேரடித் தொடர்பில்லாத நிலக்கரித் தார்ப் பூச்சுக்கு அது நல்ல காலம். பின்னாளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8.5 கோடி காலன் தார்ப் பூச்சு அமெரிக்காவில் பயன்படுகிறது என்ற மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்பட்டது. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே தார்ப் பூச்சும், மேற்கே பிட்டுமின் பூச்சும் வழக்கமாயின. இந்த எல்லைக்கோட்டை எந்தச் சட்டமும் வரையவில்லை. கற்கரிச் சூளைகள் இருந்த இடமும் சரக்குக் கூலியுமே வரைந்தன.

தாரின் கேடு மருத்துவ உலகுக்குப் புதிய செய்தி அன்று. தாரைப்போலவே நிலக்கரியிலிருந்து வரும் புகைக்கரியில் புழங்கி, புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களாக வேலைசெய்தவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வருவதை இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இலேயே பதிவுசெய்திருந்தார். 1915இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யமகிவாவும் இச்சிக்காவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். 1930களின் தொடக்கத்தில் இலண்டன் ஆய்வாளர்கள் தார்ப் பிசினிலிருந்து பென்சோபைரீன் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். பல வளையங்கள் ஒட்டிய கார்பன் மூலக்கூறுகளாலான, பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் பெருங்குடும்பத்தில் அதுவும் ஒன்று. சுருக்கமாகப் பல்வளையச் சேர்மங்கள் எனலாம். தார்ப் பூச்சில் இவை கிலோவுக்குப் பல்லாயிரம் மில்லிகிராம் அளவிலும், பிட்டுமின் பூச்சில் ஏறத்தாழ அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலும் இருக்கின்றன. இவ்வளவு தெரிந்திருந்தும், பூச்சு ஒருமுறை காய்ந்துவிட்டால் தரையோடு தரையாகிவிடும் என்று கருதப்பட்டதால், நிறுத்துமிடங்களை எவரும் ஐயுறவில்லை. ஆனால் காய்ந்த பூச்சு சக்கரங்களாலும் பனி அள்ளும் இயந்திரங்களாலும் தேய்ந்து தூளாகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூசவேண்டியிருப்பதற்கே இந்தத் தேய்மானம்தான் காரணம். தேய்ந்த தூள் எங்கே போயிற்று என்று அரை நூற்றாண்டு எவரும் கேட்கவில்லை.

கேட்டது டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகராட்சி. அந்நகர மக்கள் பெரிதும் போற்றும் பார்ட்டன் நீரூற்றுக் குளத்தையும் அதை ஒட்டிய ஓடைகளையும் கண்காணித்து வந்த நகராட்சி உயிரியலாளர்கள், 2000களின் தொடக்கத்தில், சில ஓடைகளின் வண்டலில் பல்வளையச் சேர்மங்கள் மிகுந்திருப்பதைக் கண்டனர். ஆலைகளோ பழைய வாயு நிலையங்களோ இல்லாத இடங்களில் அவை எங்கிருந்து வந்தன என்று மேல்நோக்கித் தேடியபோது, பூசப்பட்ட நிறுத்துமிடங்கள் தென்பட்டன. அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தின் பார்பரா மாலரும் பீட்டர் வான் மீட்டரும் நகராட்சியினரோடு சேர்ந்து நிறுத்துமிடங்களில் நீரைத் தெளித்து, வடிந்த நீரிலிருந்த துகள்களை ஆராய்ந்து 2005இல் முடிவை வெளியிட்டனர். தார் பூசிய தளத்தின் துகளில் கிலோவுக்குச் சராசரி 3,500 மில்லிகிராமும், பிட்டுமின் பூசியதில் 620 மில்லிகிராமும், பூசாததில் 54 மில்லிகிராமும் பல்வளையச் சேர்மங்கள் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்டின் நகர மன்றம் தார்ப் பூச்சைத் தடைசெய்தது. 2006 ஜனவரி முதல் நாள் தடை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இத்தகைய தடை அதுவே முதன்முறை.

பூச்சு உற்பத்தியாளர்களின் அமைப்பு இந்த முடிவுகளை ஏற்கவில்லை. வாகனப் புகை, விறகு எரிப்பு, தேய்ந்த டயர் ஆகியவற்றிலிருந்தும் இதே சேர்மங்கள் வரும் என்றும், ஆய்வுமுறையில் பிழை உண்டு என்றும் அது வாதிட்டது. பொதுவாகப் பார்த்தால் நியாயமற்ற ஐயம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. நகரத்தின் வண்டலில் பல மூலங்கள் கலந்திருப்பது இயல்பே. ஆனால் ராக்கி மலைகளின் இருபுறமும் இருந்த வழக்க வேறுபாடு இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனையாக ஆய்வாளர்களுக்கு உதவியது. கிழக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள நகரங்களின் பூசிய தளங்களிலிருந்து பெருக்கி எடுத்த தூசியில் இச்சேர்மங்களின் இடைநிலை அளவு கிலோவுக்கு 2,200 மில்லிகிராமாகவும், மேற்கு நகரங்களில் வெறும் 2.1 மில்லிகிராமாகவும் இருந்தது. கார்களும் டயர்களும் இருபுறமும் ஒன்றே எனும்போது, ஆயிரம் மடங்கு வேறுபாட்டை அவற்றின்மேல் ஏற்றுவது கடினம். 2010இல் 40 நகர்ப்புற ஏரிகளின் வண்டலை ஆராய்ந்தபோது, அவற்றிலிருந்த பல்வளையச் சேர்மங்களில் சராசரியாகப் பாதி தார்ப் பூச்சிலிருந்து வந்தது என்று கணக்கிடப்பட்டது. தார் பூசிய நிறுத்துமிடத்தை ஒட்டிய ஆஸ்டின் அடுக்ககங்களில் வீட்டுக்குள் படிந்த தூசியிலும் மற்ற வீடுகளைவிட ஏறத்தாழ 25 மடங்கு அளவு காணப்பட்டது. தவழும் குழந்தைகள் தரையைத் தொட்ட கையை வாயில் வைப்பதை எண்ணினால், இந்த எண் மற்ற எல்லா எண்களையும்விடக் கனமானது. தடைக்குப் பின் ஆஸ்டினின் லேடி பேர்ட் ஏரியில் படிந்த புதிய வண்டலில் இச்சேர்மங்கள் பாதிக்கும் மேல் குறைந்திருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

மற்ற இடங்களும் தொடர்ந்தன. விஸ்கான்சினின் டேன் மாவட்டம் 2007இலும், தலைநகர் வாஷிங்டன் 2009இலும் தடை விதித்தன. மாநில அளவில் வாஷிங்டன் மாநிலம் 2011இல் முதலாவதாகச் சட்டம் இயற்றியது. மின்னசோட்டாவில் தடை 2014இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் மெய்னும் நியூயார்க்கும் சேர்ந்தன. வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்கள் விற்கும் பெரிய சங்கிலிக் கடைகள் சட்டம் வருமுன்பே தார்ப் பூச்சை அலமாரியிலிருந்து அகற்றிவிட்டன.

செலவுக் கணக்கு முழுவதும் திரும்பியது மின்னசோட்டாவில்தான். 1987இல் திருத்தப்பட்ட தூயநீர்ச் சட்டத்தின் விளைவாக, தெருக்களிலும் நிறுத்துமிடங்களிலும் ஓடிவரும் மழைநீரை நேரே ஆற்றில் விடாமல் தேக்கித் தெளியவைக்கும் குளங்களை நகராட்சிகள் ஆயிரக்கணக்கில் வெட்டியிருந்தன. வண்டல் நிறையும்போது அவற்றைத் தூர்வாரவேண்டும். வாரிய மண் சுத்தமானதாக இருந்தால் எங்கும் கொட்டலாம், பல்வளையச் சேர்மங்கள் அளவு மீறி இருந்தால் சிறப்புக் குப்பைக்கிடங்குக்குப் பணம் கட்டி அனுப்பவேண்டும். மின்னியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியின் குளங்களை ஆராய்ந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு நிறுவனம், வண்டலிலுள்ள இச்சேர்மங்களில் மூன்றில் இரண்டு பங்கு தார்ப் பூச்சிலிருந்து வந்தது என்று கண்டது. அப்பகுதிக் குளங்களைத் தூர்வாரும் செலவு நூறு கோடி டாலரை எட்டக்கூடும் என்றும் மதிப்பிட்டது. சதுர அடிக்குச் சில சென்ட் மிச்சம் பிடித்த கடைத்தொகுதி உரிமையாளருக்கும் அந்தக் குளத்துக்கும் சட்டத் தொடர்பு ஏதுமில்லை. வரி கட்டும் நகரத்தாரே மீதித் தொகையைக் கட்டவேண்டியவராயினர். 2010களின் இறுதியில் அப்பகுதியின் புறநகர் நகராட்சிகள் சில, தார் வடித்து விற்ற நிறுவனங்கள்மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தன.

தொழிலும் மாறிக்கொண்டிருக்கிறது. எஃகு உற்பத்தி சுருங்கியதாலும் காற்று மாசு விதிகள் இறுகியதாலும் அமெரிக்கக் கற்கரிச் சூளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன; கிடைக்கும் தார்ப் பிசினுக்கு அலுமினிய ஆலைகளின் மின்வாய்த் தயாரிப்பே முதல் உரிமை கொண்டாடுகிறது. மலிவான கழிவு என்ற பழைய நிலை தாருக்கு இப்போது இல்லை. பிட்டுமின் பால்மங்களும், யூட்டாவில் வெட்டியெடுக்கப்படும் கில்சனைட் என்ற இயற்கைப் பிசின் கலந்த பூச்சுகளும், அக்ரிலிக் பூச்சுகளும் அதன் இடத்தை நிரப்புகின்றன. பெட்ரோலைத் தாங்கும் திறனில் பிட்டுமின் பூச்சு சற்றுத் தாழ்ந்ததே ஆயினும், ராக்கி மலைகளுக்கு மேற்கே இத்தனை ஆண்டுகளும் அதையே பூசி வந்த நிறுத்துமிடங்கள் எவ்வகையிலும் கெட்டுப்போய்விடவில்லை. பூசவேண்டிய தரையின் அளவே இவ்வளவு தேவையா என்ற கேள்வியைப் பொருளியலாளர் டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட பெருநூலில் எழுப்பினார். அதன் தாக்கத்தால் 2017இல் பஃபலோவும் 2021இல் மின்னியாபொலிஸும் குறைந்தபட்ச நிறுத்துமிட விதிகளைக் கைவிட்டன.

எனினும் பெரும்பாலான மாநிலங்களில் நிலக்கரித் தார்ப் பூச்சை விற்பதும் பூசுவதும் இன்றும் சட்டப்படி செல்லும். விலைப்பட்டியலில் அது பெரும்பாலும் வணிகப்பெயரால் மட்டுமே குறிக்கப்படுகிறது. தார் உள்ளதா என்பதை உறுதியாக அறிய, பொருளுடன் தரப்படும் பாதுகாப்புத் தரவுத்தாளில் 65996-93-2 அல்லது 65996-89-6 என்ற வேதிப்பதிவு எண் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்தப் பொறுப்பு இன்னும் வாங்குபவரிடமே விடப்பட்டிருக்கிறது.